இடக்கைத் தையல்

2023 மார்ச் 14, காலை ஒன்பதே கால் மணி. பதுளையில் பாடசாலைச் சீருடை தைக்கும் றுஸைனாவின் கடைக்குள் யசோதினி முதன்முதலாக நுழைந்தாள். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டப் பங்களாவில் வேலை செய்பவள் அவள். அங்கே பழைய பெட்டியொன்றில் கிடைத்த, நூற்றைம்பது வருடத்து வெள்ளைக் கவுனைத் துவைத்து, மகளின் சீருடையைப் போலவே தோளில் கிளிப் மாட்டிக் கொடியில் தொங்கவிட்டிருந்தாள். ஈரப் பாரம் தாங்காமல் தோள் தையல் பிரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை முதலாளி பார்த்தால் அவள் வேலை போய்விடும்.

"இவ்வளவு துணி ஈரத்தோட தொங்கினா தாங்குமா புள்ள? உங்களத் தொங்கவிட்டாலும் தோள் கழண்டுதான் போகும்," என்று றுஸைனா சிரித்தாள்.

"நல்லா ஏசுங்கக்கா. ஆனா மெஷின்ல ஒரு ஓட்டு ஓட்டிக் குடுத்துருங்க."

"மெஷினா? இது முழுக்கக் கைத்தையல். பாருங்க, தையலெல்லாம் மறுபக்கம் சாஞ்சிருக்கு. தச்சவ இடக்கைக்காரி."

நாற்பது வருடம் வலக்கையால் தைத்த றுஸைனா, அதே சாய்வு வரவேண்டுமென்று இரண்டு நாள் கந்தைத் துணியில் இடக்கையைப் பழக்கினாள். விரல் நுனிகளில் ஊசி குத்தாத இடமில்லை. வியாழன் மாலை கவுனைக் கொடுத்தபோது, எது பழைய தையல், எது புதியது என்று யசோதினிக்கே தெரியவில்லை. மறுநாள் முதலாளி அதை மகிழ்ச்சியோடு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்.

அதைச் சொல்லி யசோதினி கூலி கொடுக்க வந்தபோது றுஸைனா வாங்கவில்லை. "ஒரு நாளைக்கு வாறன். அந்தக் கண்ணாடிப் பெட்டியத் தொறந்து கவுன இன்னொருக்கா காட்டுங்க, போதும்."

யசோதினி அழைத்தபோதெல்லாம் பெருநாள் தையல், பள்ளித் தவணை என்று ஏதோவொன்று குறுக்கே வந்தது. சென்ற வருடம் றுஸைனா கடையை மூடிவிட்டு, மகளோடு இருக்கக் கல்முனைக்குப் போய்விட்டாள். பெட்டியின் சாவி இன்னும் யசோதினியின் இடுப்புக் கொத்தில்தான் இருக்கிறது. அந்தக் கடனை மட்டும் றுஸைனா கேட்டு வரவேயில்லை.