அன்ரி அவிழ்த்த முடிச்சுகள்

எங்கள் வீட்டுத் திரைச்சீலைக் கம்பியில் ஒரு வாரமாகக் கம்பளி நூல்கள் தொங்கிக்கொண்டிருந்தன. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, கனடாவில் டோர்செட் பார்க் அடுக்குமாடியில் ஏழாம் மாடி, எனக்கு நிறைமாதம். ஐந்தாம் வகுப்பில் படித்த மகளின் பள்ளிக்கூட வேலை அது. இன்கா மக்கள் எழுத்தே இல்லாமல் ஒரு பேரரசை நடத்தினார்களாம். ஊரில் எத்தனை பேர், களஞ்சியத்தில் எவ்வளவு சோளம் என்பதையெல்லாம் நூலில் முடிச்சுப் போட்டே வைத்திருந்தார்களாம். குறுக்கே தடித்த ஒரு கயிறு. அதிலிருந்து தொங்கும் நிறநிறமான நூல்கள். நுனிக்குப் பக்கத்தில் ஒன்றுகள், அதற்கு மேலே பத்துகள். பெயர் கிப்பு.

எங்கள் சொந்தக்காரர் எங்கெங்கே எத்தனை பேர் என்று மகள் நூலில் முடிந்து வைத்திருந்தாள். மஞ்சள் யாழ்ப்பாணம், நீலம் லண்டன், வெள்ளை பாரிஸ், பச்சை கனடா. சிதறிப்போன சனத்தையெல்லாம் இப்படி ஒரே கம்பியில் கொண்டுவந்து சேர்க்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பெருமை தாங்காமல் வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினேன். ஓரத்தில் ஒரு சிவப்பு நூல் மட்டும் வெறுமையாகத் தொங்கியது.

“உது ஏன் சும்மா கிடக்கு?”

“அது பேபிக்கு. இன்னும் வரேல்லைத்தானே அம்மா. முடிச்சு இல்லாட்டி ஸீரோ.”

முந்தின பிள்ளை எங்களுக்குத் தங்கவில்லை. அப்போது இவள் தொட்டிலை எங்கே வைப்பது என்றுகூடத் தீர்மானித்து வைத்திருந்தாள். இந்த முறை ஒரு முடிச்சைக்கூட முன்கூட்டிப் போட அவளுக்குப் பயம்.

வகுப்பில் கிப்புவை வாசித்துக் காட்டவேண்டிய நாளுக்கு முதல்நாள் மத்தியானம் எனக்கு வலி தொடங்கியது. கணவர் மிசிசாகாவில் வேலையில் நின்றார். அவர் வரும்வரை துணைக்கு எதிர்வீட்டு அன்ரியைக் கூப்பிட்டேன். அன்ரி வந்ததும் என் பின்னலை அவிழ்த்தார். அலுமாரிக் கதவுகளைத் திறந்துவிட்டார். வாசலில் கிடந்த சப்பாத்துகளின் லேஸ் முடிச்சுக்கூட மிஞ்சவில்லை.

“பிள்ளை பிறக்கிற வீட்டில ஒரு முடிச்சும் இருக்கக்கூடாது. நீ பேசாமல் படு.”

பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தேன். எரிச்சலும் வந்தது, சிரிப்பும் வந்தது. கொஞ்சநேரத்தில், பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளின் அலறல் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பிப்போய்ப் பார்த்தால், கம்பியில் நூல்கள் எல்லாம் நேராக, அழகாக, ஒரு முடிச்சும் இல்லாமல் தொங்குகின்றன!

“அன்ரி! நாளைக்கு பிரசென்ரேஷன்!”

“முடிச்செண்டால் முடிச்சுத்தான், செல்லம். பிள்ளை பிறக்கட்டும். பிறகு நானே இருந்து கட்டித் தாறன்.”

“எனக்கு நம்பர் ஒண்டும் ஞாபகம் இல்லை!”

ஏனடி எழுதி வைக்கவில்லை என்று கேட்டேன். இன்காக்காரர் எழுதவில்லையாம், அதனால் இவளும் எழுதமாட்டாளாம். என் வயிற்றில் பிறந்ததுக்குப் பிடிவாதத்தைச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்! அதற்குள் கணவர் வந்துவிட்டார். மகளை அன்ரியிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எலிவேற்றர் கதவு மூடும்வரை அவள் விசும்பல் கேட்டது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே மகன் பிறந்தான். அப்பப்பா, என்ன அழுகை! கட்டிடம் முழுக்கக் கேட்டிருக்கும். நானும் அழுதேன், பக்கத்தில் நின்ற இவரும் அழுதார். வீட்டுக்குப் போன் அடித்தோம். மகள்தான் எடுத்தாள். தம்பியா தங்கையா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அம்மா, கட்டலாமோ?”

“கட்டடி என்ரை குஞ்சு, கட்டு!”

பின்னால் அன்ரி சந்தோசத்தில் கத்துவது கேட்டது. பிறகு கட்டிலில் கிடந்தபடியே நான் சொந்தக்காரரை ஒவ்வொருவராக எண்ணினேன். லண்டனில் யார் யார், பாரிசில் யார் யார் என்று நான் சொல்லச் சொல்ல, அங்கே இருவரும் முடிச்சுப் போட்டார்கள். சித்தப்பாவின் புது மருமகளை விட்டுவிட்டோம் என்று இவர் நடுவில் புகுந்தார். அவளையும் சேர்த்தோம். போனை வைக்கச் சொல்லித் தாதி முறைத்தாள். நானும் திருப்பி முறைத்தேன்.

எல்லாம் ஆயிற்று என்று நினைத்து, “சரி, போய்ச் சாப்பிடு” என்றேன்.

“நில்லுங்கோ அம்மா. சிவப்பு இருக்கு.”

அவள் நூலை இழுத்து முடிவது மூச்சுச் சத்தத்திலேயே தெரிந்தது. பிறகு அன்ரியின் குரல் கேட்டது.

“இறுக்கிக் கட்டு, பிள்ளை. உதை இனி ஒருத்தரும் அவிழ்க்கேலாது.”