பக்கத்து வீட்டு போன்

கீழ்புத்துப்பட்டைத் தாண்டி வடக்கே நடந்துகொண்டிருந்தேன். மரக்காணம் போகும் பஸ் ஒன்று பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தது. நான் கை காட்டவில்லை. பைக்குள் மாற்றுத்துணி மடித்தது மடித்தபடி இருந்தது. வீட்டில் ஒரு மணி நேரம்கூட நான் இருக்கவில்லை.

2005 கோடை. அதற்கு முன் ஏழு மாதம் ஓசூர் பக்கம் ஒரு கிடங்கில் மூட்டை இறக்கினேன். ஞாயிறுதோறும் எங்கள் பக்கத்து வீட்டுக்கு போன் செய்வேன். அவர்கள் ஜன்னலில் நின்று என் மனைவியைக் கூப்பிடுவார்கள். அவள் ஓடி வந்தது மூச்சிலேயே தெரியும்.

நேரில் அவளுக்கு நான் 'யோவ்'. திட்டாமல் ஒரு நாளும் சோறு போட்டதில்லை. போனில் வேறு ஒருத்தி பேசினாள். "நல்லா இருக்கீங்களா? சாப்டீங்களா? சரிங்க." எனக்கு மரியாதை கூடிவிட்டதாகக் கிடங்கில் பெருமையடித்துக்கொண்டேன்.

மாசியில் ஒரு ஞாயிறு, "உடம்பு சரியில்லாம இருந்துச்சிங்க. இப்ப பரவால்லங்க" என்றாள். அப்போது அவளுக்கு நான்கு மாதம்.

"வரட்டுமா?"

"உங்க இஷ்டங்க."

போனை வைத்துவிட்டு லாரிக்குத் திரும்பினேன்.

கோடையில் நான் ஊர் திரும்பிய அன்று காலை வாசலில் நின்றவளுக்கு வயிறு ஒட்டிக் கிடந்தது.

"மாசியிலியே கலஞ்சிடுச்சி" என்றாள்.

"போன்ல ஏன் சொல்லல?"

"அந்த வீட்டு ஆம்பளைங்க மூணு பேரு டிவி சத்தத்த கொறச்சிட்டு என் வாயவே பாத்துட்டிருந்தாங்க. அங்க நின்னு சொல்லச் சொல்றீங்களா?"

எதிரே நிற்கும்போதும் அதே 'ங்க'. ஒரு 'யோவ்' வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை.

"திட்டு" என்றேன்.

"திட்டி என்னங்க ஆவப்போவுது? நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். நீங்க வேலையப் பாருங்க." ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். விருந்தாளிக்குக் கொடுப்பது போல இரண்டு கையாலும் கொடுத்தாள்.

தெருவில் இறங்கியபோது பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலில் இருந்து சிரித்தார்.

"ஏம்பா, வந்துட்டியா? இனி ஞாயித்துக்கெழம நாங்க நிம்மதியா படம் பாப்போம்."

தலையாட்டிவிட்டு நடந்தேன். மரக்காணம் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பஸ் நிலையத்தில் படுத்தேன்.

மறுநாள் காலை உப்பளத்தில் வேலை கேட்டேன். மேஸ்திரி என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுன்னா வீட்டுக்குச் சொல்ல போன் நம்பர் இருக்குதாப்பா?"

"இல்லீங்க."

நீளக் கழி மாட்டிய மரப்பலகையைக் கொடுத்தார். பாத்தியில் இறங்கினேன். நாலு பாத்தி தள்ளி ஒரு பெண் காற்றை எதிர்த்துக் கத்தினாள்.

"யோவ், சோத்துத் தூக்குவாளிய எங்கய்யா வெச்ச?"

அந்த வெளியில் கத்தினால்தான் கேட்கும். அவள் புருஷன் சிரித்துக்கொண்டே பதிலுக்கு ஏதோ கத்தினான். நான் பலகையை இழுத்து, உப்பை வரப்போரம் குவித்தேன்.