நல்ல வெளிச்சமுள்ள வீடு

புரோக்கர் அவளைக் 'கதவு' என்றுதான் கூப்பிடுவார். விற்பனைக்கு வரும் வீடுகளை உள்ளே நடந்து பார்ப்பதுபோல் வீடியோவாக எடுத்து இணையத்தில் போடுவது அவள் வேலை. முக்காலியின் மேல் அவள் நிறுத்தும் கேமரா ஒரே நேரத்தில் நாலு பக்கமும் பார்க்கும். எடுக்கிறவள் அறைக்குள் நின்றால் அவளும் படத்தில் விழுந்துவிடுவாள். அதனால் கேமராவை நிறுத்திவிட்டுக் கைப்பேசியோடு அடுத்த அறைக்கு ஓடி, கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று, அங்கிருந்தே பொத்தானைத் தட்டுவாள்.

"நம்ம கதவு எடுத்தா கோழிக்கூண்டுகூட பங்களாதான்" என்று புரோக்கர் வாடிக்கையாளர்களிடம் பெருமையடித்துக்கொள்வார்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவள் ஒரு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். 'நேரா பாருங்க, சிரிக்காதீங்க' என்று சொல்லிச் சொல்லியே இளமையில் பாதி போயிற்று. எல்லோர் கையிலும் கேமரா வந்த பிறகு ஸ்டுடியோ மூடப்பட்டது. மனிதர்களிடமிருந்து அறைகளுக்கு மாறியது அவளுக்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை. அறைகள் கண் சிமிட்டுவதில்லை. படத்தைப் பார்த்துவிட்டு 'என் மூக்கு இப்படியா இருக்கு?' என்று சண்டைக்கு வருவதுமில்லை.

வீட்டில் அவளும் அப்பாவும்தான். அம்மா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே சர்க்கரை நோய் கண்ணில் கைவைத்தது. முதலில் ஓரங்கள் மங்கின, பிறகு நடு, கடைசியில் எல்லாமே. ஆனால் மாடியிலிருந்த அந்த வாடகை வீட்டுக்குள் அவர் நடப்பதைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போனபோதே கையும் காலும் வீட்டைப் படித்துக்கொண்டுவிட்டன. நாற்காலியிலிருந்து எழுந்தால் விரல் நுனி மேசையைத் தொடும், மேசை விட்ட இடத்தில் பீரோ, பீரோ முடிந்தால் கதவு நிலை. தனக்கு வேண்டிய டீயைத் தானே போட்டுக்கொள்வார். துவைத்த துணியைக் கொடியில் காயப்போடுவார். அழைப்பு மணி அடித்தால் "வர்றேன், வர்றேன், படியில தொங்காதீங்க" என்று குரல் கொடுத்தபடி போய்த் திறப்பார்.

அந்தத் தைரியத்தில்தான் அவள் நாளெல்லாம் ஊரார் வீடுகளில் ஒளிந்துகொண்டிருக்க முடிந்தது.

வீட்டின் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தார். ஒருநாள் அவரே கூப்பிட்டார். வீட்டை விற்கலாம் என்று இருப்பதாகவும், ரொம்ப அலையப்போவதில்லை என்றும் சொன்னார். "மழைக்காலம் வரைக்கும் பார்ப்போம்மா. நல்ல ஆள் அமையலைன்னா விட்டுடுவேன். நீங்களே இருங்க."

மறுநாள் புரோக்கர் வந்து தலையைச் சொறிந்தார். "உன் வீடுன்னு தெரிஞ்சேதான் கேக்கறேன், கதவு. வேற ஆளை அனுப்பலாம். அவன் வந்து பீரோவை இழுப்பான், கட்டிலை நகத்துவான். அப்பா எதுலயாவது தடுக்கி விழுந்து வைப்பாரு."

"நானே எடுக்கறேன்ண்ணே."

அப்பாவிடம் வந்து சொன்னபோது அவளுடைய கணக்கையும் சேர்த்தே சொன்னாள். நல்லா எடுக்கத் தெரிந்தவளுக்கு மோசமாக எடுக்கவும் தெரியும். வீடு எடுபடாது. மழை வந்துவிடும்.

"அப்படிப் போடு" என்றார் அப்பா. "இருட்டாவே எடு. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை உச்சி வெயில் ஜன்னலில் கண்ணைக் கூசும்படி அடிக்கும் நேரமாகப் பார்த்து எடுத்தாள். விளக்குகளைப் போடவில்லை. சமையலறையில் தொட்டிக்கு மேலே ஈரம் பூத்திருந்த சுவர் நன்றாகத் தெரியும்படி கேமராவை ஒதுக்கி நிறுத்தினாள். ஒவ்வொரு அறைக்கும் அப்பாவைக் கையைப் பிடித்து அடுத்த அறைக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தவேண்டியிருந்தது.

"ஏம்மா, டிக்கெட் இல்லாம வந்தவனை ஒளிச்சு வைக்கிற மாதிரி வைக்கிறியே."

"ஸ்ஸ்... கை வெளிய தெரியுதுப்பா."

"தெரியட்டுமே. கை மட்டும் தனியா இருக்கிற வீடுன்னா எவன் வாங்குவான்?"

மறுநாள் காலையில் படங்களைக் கணினியில் சேர்த்துப் பார்த்தாள். நினைத்ததற்கு மேலாகவே மோசமாக வந்திருந்தது. ஹால் பொந்து மாதிரி இருந்தது. அப்பாவின் நாற்காலி இருந்த மூலை, யாரோ ஆளை விட்டுவிட்டுப் போன இடம் மாதிரி இருந்தது. விடியலில் எழுந்து அவள் துடைக்கும் தரை எண்ணெய் படிந்தாற்போல் தெரிந்தது. இதுவா நாம் இருந்த வீடு? இப்படியா இருந்தோம்? உலகம் முழுக்கத் திறந்து பார்க்கிற இடத்தில் இதைப் போட அவளுக்கு மனம் வரவில்லை.

ஹாலை மட்டும் திருப்பி எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். ஹால் மட்டும்தான்.

அந்த ஹாலில் காலை வெயில் எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி உள்ளே வரும்போது கொஞ்ச நேரத்துக்கு நிழலே இல்லாத ஒரு வெளிச்சம் நிற்கும். வேறு எந்தக் கேமராக்காரனுக்கும் அது தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரியும். திரையை முழுக்க விலக்கினாள். ஜன்னல் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தாள்.

அப்பா நாற்காலியில் இருந்தபடி தலையைத் திருப்பினார். "கண்ணாடி துடைக்கிறியா?"

"தூசிப்பா. ஒரு படம் சரியா விழலை."

அவர் அவள் கையை நீட்டுவதற்கு முன்பே எழுந்து, மேசை, பீரோ, நிலை என்று தொட்டுக்கொண்டு போய்த் தானாகவே கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். இந்தத் தடவை எதுவும் பேசவில்லை.

ஹால் பளிச்சென்று வந்தது. அதற்குப் பக்கத்தில் சமையலறை பார்க்கச் சகிக்கவில்லை. சமையலறையை எடுத்தாள். பிறகு படுக்கையறை, பால்கனி. ஒரு அறை நன்றாக வந்தால் அடுத்ததை அப்படியே விட அவளுடைய கை கேட்கவில்லை. மதியத்துக்குள் முழு வீட்டையும் முடித்துவிட்டாள். பழைய படங்களையும் புதிய படங்களையும் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அனுப்பியது புதியதைத்தான்.

"கதவு, இதுதான் நீ எடுத்ததிலேயே டாப்பு" என்றார் புரோக்கர். பிறகு யாருடைய வீடு என்று நினைவு வந்து பேச்சை மாற்றினார்.

மழைக்கு வெகு முன்னாலேயே ஆள் வந்தது. ஓர் இளம் தம்பதி. வேறு ஊரிலிருந்து திரையிலேயே பலமுறை வீட்டைச் சுற்றிப் பார்த்து முடிவு செய்துவிட்டு, கடைசியாக ஒரு தடவை நேரில் வந்தார்கள். அந்தப் பெண் யாரையும் கேட்காமல் குளியலறை விளக்கின் சுவிட்சைச் சரியாகப் போட்டாள். பால்கனிக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது. வந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பல வருஷம் குடியிருந்தவள்போல் நடந்தாள்.

"அங்கிள், உங்க பொண்ணு எடுத்த வீடியோதான் காரணம். அந்த ஹால் வெளிச்சத்தைப் பாத்து நான் அப்படியே விழுந்துட்டேன்."

"ஆமாம்மா" என்றார் அப்பா, அவளுடைய குரல் வந்த பக்கம் முகத்தை வைத்து. "நல்ல வெளிச்சம்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க."

இவள் சமையலறையில் அவர்களுக்குத் தண்ணீர் எடுக்கப் போனவள், சொம்பு நிரம்பி வழிந்த பிறகும் குழாயை மூடாமல் நின்றாள். அவர்கள் போன பிறகு அப்பாவின் முன்னால் வந்து, "நான்தான்ப்பா கெடுத்தேன்" என்றாள்.

"கெடுத்திருந்தா வித்திருக்காதே" என்றார் அவர். சிரிக்கப் பார்த்தார்.

புது வாடகை வீடு தரைத்தளத்தில், ஒரு அச்சகத்தின் பின்னால் இருந்தது. அப்பாவுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று, பழைய வீட்டில் இருந்த வரிசையிலேயே நாற்காலி, மேசை, பீரோ என்று போட்டுவைத்தாள். அதுதான் பெரிய தப்பாகப் போயிற்று. எல்லாம் பழையபடி இருக்கவே அவருடைய கால் பழைய வீட்டை நம்பி நடந்தது. பீரோ முடிந்த இடத்தில் கதவு நிலை இல்லை, சுவர் இருந்தது. முதல் நாளே நெற்றி புடைத்தது. பிறகு எல்லாவற்றையும் மாற்றிப் போட்டாள். கையைப் பிடித்து அறை அறையாக நடத்திக் காட்டினாள். அவரும் கூடவே நடந்தார், எண்ணினார், தலையாட்டினார். அவள் கையை விட்டதும் நின்ற இடத்திலேயே நின்றார்.

"பழகிடும்ப்பா."

"பழகிடும், பழகிடும்." கொஞ்சம் பொறுத்து, "முன்ன கொஞ்சம் கொஞ்சமாப் போச்சும்மா. அதனால தெரியலை. இப்பத்தான் குருடான மாதிரி இருக்கு" என்றார்.

டீ போடுவது நின்றது. துணி காயப்போடுவது நின்றது. மணி அடித்தால் குரல்கூடக் கொடுப்பதில்லை.

ஒரு மாலை அவள் வேலை முடிந்து வந்தபோது, காலையில் விட்டுப் போன அதே நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டும் நாற்காலியின் பிடியை இறுக்கியிருந்தன. சாப்பாட்டைத் தொடவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் எழுந்திருக்கவேண்டி வரும்.

"வந்துட்டியா?" என்றார். பையை இறக்கிவைக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு முகம் தெரியாத யாரிடமோ கேட்பவர்போல், "சிரமம் இல்லைன்னா, கொஞ்சம் பாத்ரூம் வரைக்கும் கொண்டுபோய் விடறியாம்மா?" என்றார்.

அவள் கையைக் கொடுத்தாள்.