கணேசண்ணை போடாத சண்டை

போன கிழமை பாரிசில், ரூ பெர்தொனே தெருக் கடையொன்றில் ரோல்ஸ் வாங்க வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் முழங்காலுக்குத் தைலம் பூசியிருக்க வேண்டும். அந்த மணம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு லா ஷப்பல் பாலம் வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். ஆறிய ரோல்ஸோடு வீட்டுக்குப் போய் மனைவியிடம் பேச்சும் வாங்கினேன்.

அது ஒரு குத்துச்சண்டை மண்டபத்தின் மணம். பாரிசுக்கு வந்த புதிதில் நானும் கணேசண்ணையும் காலையில் அங்கே தரை துடைப்போம். இருவருக்கும் லெ பிளாங்-மெனில் புறநகரில் ஒரே அறை. எனக்கு விசா கிடைத்திருந்தது. அவருடைய அகதி வழக்கோ நிராகரிப்பு, அப்பீல், மறுபடி நிராகரிப்பு என்று இழுபட்டது. வாட்டசாட்டமான மனிதர், அவர் கையில் துடைப்பம் ஈர்க்குப்போலத் தெரியும். அவரைப் பார்த்ததும் பத்ரோனுக்கு, அதுதான் எங்கள் முதலாளிக்கு, கை துருதுருத்திருக்கிறது. வேலை முடிந்ததும் கையுறை மாட்டிவிட்டுப் பழக்கத் தொடங்கினார். நான் துவாய் பிடிப்பவன். இரத்தம் கண்டால் தலைசுற்றுகிறவனுக்கு நல்ல வேலைதான்.

சுவரில் ஒரு படம் தொங்கியது. நூறு வருடத்துக்கு முந்திய ஹெவிவெயிட் வீரர், அமெரிக்கக் கறுப்பினத்தவர். நாங்கள் 'பெரியவர்' என்போம். பத்ரோனின் பாட்டனார் அவருக்குத் துவாய் பிடித்தவராம், அதில் எனக்கும் கொஞ்சம் பெருமை. பெரியவரின் நாட்டில் வெள்ளைக்கார சாம்பியன்கள் அவரோடு மேடையேற மாட்டோம் என்றுவிட்டார்கள். கப்பலேறி இங்கே வந்தார். பாரிஸ் சனம் அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடியது. பட்டத்துக்கான சண்டை மட்டும் கிடைக்கவேயில்லை. தன்னைப்போலவே ஒதுக்கப்பட்ட மூன்று நான்கு பேரோடு மாறி மாறி மோதியே நரைத்துப்போனார். கடைசியில் ஒரு கஃபே வாசலில் காவல் நின்றார்.

"இவரின்ரை கேசும் என்ரை மாதிரித்தான்," என்பார் கணேசண்ணை, படத்தைத் துடைத்தபடி. "அப்பீலிலையே காலம் போயிட்டுது."

அண்ணைக்கு ஒரே ஆசை, ஆட்களுக்கு முன்னால் ஒரு உண்மையான சண்டை. விசா இல்லாதவருக்கு லைசென்ஸ் யார் கொடுப்பார்கள்? கடைசியில் பத்ரோனே ஒரு சனிக்கிழமை பின்னேரம், மண்டபத்துக்குள்ளேயே நட்புச் சண்டை ஒன்றை ஒழுங்கு செய்தார். எதிராளி ஓல்னே என்ற புறநகரிலிருந்து வந்தான். எங்கள் ஆட்களால் மண்டபம் நிறைந்துவிட்டது.

நல்ல காரியம் தொடங்குமுன் காலமானவர்களைக் கும்பிட வேண்டாமா? அண்ணை பெரியவருக்கு மாலை போட்டார், சந்தனப் பொட்டு வைத்தார், ஒரு பெட்டிக் கற்பூரத்தைத் தட்டில் கொட்டிக் கொளுத்தினார். பத்ரோனுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அண்ணையின் கையுறைக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தேன். கரும்புகை யன்னலால் வெளியேற, மேல்மாடிக்காரி தீயணைப்புக்காரருக்குப் போன் அடித்திருக்கிறாள். அண்ணை மேடையில் கால் வைத்த நேரம், கருநீலச் சீருடையில் சிலர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"பொலிஸ் வந்திட்டான்," என்றது பின்னால் ஒரு குரல்.

அவ்வளவுதான். காற்சட்டையும் கையுறையுமாக அண்ணை பின்கதவால் ஓடிவிட்டார்.

வந்த தீயணைப்புக்காரர்கள் தட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். பத்ரோன் வெகுநேரம் பின்கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேறு வழியில்லாமல் எதிராளியின் கையை உயர்த்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அறைக்குப் போனால், பூட்டிய கதவடியில் அண்ணை குந்தியிருந்தார். கயிற்றைத் தனியாக அவிழ்க்க முடியாதே, கையுறை அப்படியே இருந்தது. அந்தக் கோலத்தில் ரயிலில் எப்படி வந்தாரோ, கேட்க எனக்குத் துணிவில்லை. அவிழ்த்துவிட்டேன்.

"மற்றவன் என்ன சொன்னவன்?"

"ஒண்டும் சொல்லேல்லை அண்ணை."

"தனக்குப் பயந்து ஓடினனெண்டு நினைச்சிருப்பான்."

அடுத்த மாதமே அவர் லண்டனுக்குப் போய்விட்டார். சில வருடங்களில் பத்ரோன் காலமானார். பெரியவரின் படம் எங்கே போனதென்று அவருடைய மகளுக்கும் தெரியவில்லை. மண்டபம் இருந்த இடத்தில் இப்போது ஒரு உடற்பயிற்சி நிலையம், கண்ணாடிக்குப் பின்னால் ஆட்கள் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

போன வருடம் அண்ணை பிரித்தானியக் கடவுச்சீட்டோடு வந்தார். கூட்டிப்போய்க் காட்டினேன். மேடை எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டார். என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அவர் கண்ணாடியில் கையை வைத்தபடி நின்றார்.

"வெல்லவேணுமெண்டு நான் கேக்கேல்லைத் தம்பி. அவனிட்டை ஒரு குத்தெண்டாலும் வாங்கியிருக்கலாம்."