மூன்று மிஷன்களின் கூட்டமைப்பு

ஒரே தெருவில் மூன்று மிஷன்கள் தனித்தனியாக ஊழியம் செய்வது வீண் என்று சொல்லி ஆரம்பித்த கூட்டமைப்பு எங்களுடையது. மாதாமாதம் காக்ஸ் டவுனில் கூடுவோம். எல்லாரையும் கூட்டி உட்கார வைப்பது என் வேலை. ஆரம்ப ஜெபம் ஒரு மிஷன் தலைவருக்கு, முடிவு ஜெபம் இன்னொருவருக்கு என்றால் மூன்றாமவரின் முகம் சுண்டிவிடும். அதற்காகவே டீக்கும் ஒரு நீண்ட ஜெபம் வைத்தோம். ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டு, பேனரில் யாருடைய லோகோ முதலில் வர வேண்டும் என்று பேசுவார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

போன வாரம் கூட்டம் முடிந்ததும், ஈஜிபுராவில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு அம்மாவைப் பார்க்கப் போனேன். முன்பு மூன்று மிஷன்காரர்களும் தவறாமல் போன வீடு அது. கூட்டமைப்பு வந்த பிறகு, மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டார்கள். நானும்தான்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முன்னாடி எல்லாரும் மாத்தி மாத்தி வந்து ஜெபம் பண்ணுவீங்களே பிரதர். இப்ப ஒருத்தரையும் காணோம். உங்களுக்குள்ள ஏதாச்சும் சண்டையா?"

"இல்லம்மா," என்றேன். "நாங்க ஒண்ணா சேந்துட்டோம்."