குரங்கு வராது என்று சொன்னேன்

இரண்டு வருடத்துக்கு முன்பு, தை மாதக் கடைசியில், செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் நடந்தது இது. அங்கே தள்ளுவண்டியில் கொய்யா, வெள்ளரிக்காய், அன்னாசித் துண்டு, மோர் விற்கிறேன். சிங்கவரத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவேன். வெயில் தாழ்ந்ததும் வீட்டுக்குப் போய்விடுவேன்.

கோட்டைக்கு வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே குரங்கு அதிகம். கையில் ஒரு பை இருந்தால் போதும், பின்னாலேயே வந்து பிடுங்கும். கடை போட்டிருக்கிற எங்கள் எல்லோரிடமும் ஒரு மூங்கில் கழி இருக்கும். அடிக்க மாட்டோம். குரங்கை அடிக்க எங்களுக்கு மனசு வராது. கழியைத் தூக்கினால் போய்விடும். கீழே வைத்தால் வந்துவிடும். அதனால் ஒரு கையில் கழி, ஒரு கையில் கத்தி என்றுதான் வியாபாரம். பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அவித்து விற்கிற அம்மா கிண்டல் செய்வாள்.

"காசு வாங்க இன்னொரு கை வெச்சுக்கினு பொறந்திருக்கணும்க்கா நாம."

தோள்பட்டை வலிக்கிறது என்று ஒரு நாள் வீட்டில் சொன்னேன். மருமகள் போனில் தேடி ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். குரங்கு விரட்டுகிற மெஷின். ஒருவர் பட்டனை அழுத்துகிறார். மொட்டை மாடியில் இருந்த குரங்கெல்லாம் காதைப் பொத்தாத குறையாக ஓடுகின்றன. அரை ஏக்கருக்கு ஒரு குரங்கு வராது, நூறு சதவீதம் கேரண்டி என்று ஒரு குரல் சொல்கிறது. அதிலிருந்து ஒரு சத்தம் வருமாம். குரங்குக்கு மட்டும் கேட்குமாம், மனிதர் காதுக்குக் கேட்காதாம்.

அந்தக் குரல் நல்ல குரல். கோயிலில் மைக் பிடித்துப் பேசுகிறவர் மாதிரி நிதானமாக இருந்தது. வரவழைக்கச் சொன்னேன்.

மெஷின் வந்தது. பச்சை நிறத்தில் ஒரு டிபன் டப்பா அளவு. மேலே வெயிலில் சார்ஜ் ஆகிற தகடு. முன்னால் நீல லைட் மினுக்கும். நிறுத்தி வைக்க ஒரு பிளாஸ்டிக் கால் கொடுத்திருந்தார்கள். எங்கள் சரளை மண்ணில் குத்தியதும் அது முறிந்துவிட்டது. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

வேறு கால் தேடினேன். என் மூங்கில் கழிதான் கிடைத்தது. ஒரு பெயிண்ட் டப்பாவில் மண்ணைப் போட்டுக் கழியை நட்டேன். உச்சியில் மெஷினை வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். உயரத்தில் இருந்தால் தூரத்துக் குரங்குக்கும் கேட்கும் என்று நினைத்தேன். பட்டனை அழுத்தினேன். நீல லைட் மினுக்கியது. நமக்குச் சத்தம் கேட்காது என்றார்கள். கேட்கவில்லை. அதுவரை அவர்கள் சொன்னது உண்மை.

மல்லாட்டைக்காரம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்து பார்த்தாள்.

"இன்னாக்கா, குரங்குக்குப் பாட்டு வெச்சிருக்கியா?"

"சிரி. அப்பால நீயே வந்து கேப்ப."

இரண்டு மூன்று நாள் குரங்கு கிட்டே வரவில்லை. மதில் மேலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புதுப் பொருள் எது வைத்தாலும் குரங்கு முதலில் தள்ளி நின்றுதான் பார்க்கும். புதுக் குடை வைத்தபோதும் அப்படித்தான் செய்தன. இத்தனை வருடம் அங்கே நிற்கிற எனக்கு அது தெரியும். மெஷினை வாங்கிய பிறகு அந்த நினைப்பே வரவில்லை. இரண்டு கையாலும் கொய்யா நறுக்கினேன். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் மெஷினைக் காட்டிச் சொன்னேன். மல்லாட்டைக்காரம்மாவும் அடுப்பை என் வண்டிப் பக்கமாக நகர்த்தி வைத்தாள். அவள் கழி எங்கோ கிடந்தது.

அப்போதுதான் அந்தப் பள்ளிக்கூட பஸ் வந்தது. அவலூர்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள். சுற்றுலா வருகிற பிள்ளைகள் எப்போதும் பஸ்ஸுக்குள்ளேயே கண்ணாடியைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிடுவார்கள். குரங்குக்குப் பயந்து அதுதான் அங்கே வழக்கம். இந்த டீச்சர் சின்ன வயசு. பஸ் வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"யம்மா, வெளிய உக்காந்து சாப்ட்டா குரங்கு வருமா? உள்ள ஒரே புழுக்கம். ரெண்டு புள்ளைங்க வாந்தி எடுத்துடுச்சுங்க."

"வராது டீச்சர். மெஷின் வெச்சிருக்கேன். அரை ஏக்கருக்கு ஒரு குரங்கு வராது. கேரண்டி."

"நெஜமாவா?"

"நானே பாத்துக்கினுதான் இருக்கேன். எறக்குங்க."

டீச்சர் மெஷினைப் பார்த்தார். நீல லைட் மினுக்கியது. பிள்ளைகளைப் பார்த்துத் தலையாட்டினார். பஸ்ஸிலிருந்து எல்லாம் தட தடவென்று குதித்தன. அத்தனை நேரம் அடைந்து கிடந்த பிள்ளைகள். புளியமரத்து நிழலில் வட்டம் வட்டமாக உட்கார்ந்தன. இடம் போதாமல் சில பிள்ளைகள் அகழிக் கரை வரைக்கும் போய் உட்கார்ந்தார்கள். கரைக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேலே பள்ளம். கீழே கல்லும் முள்ளும்.

டப்பாக்கள் திறந்தன. புளிசாத வாசனை எழுந்தது.

முதலில் ஒன்று இறங்கியது. பெரிய கடுவன், ஆண் குரங்கு. நேராக என் வண்டிக்கு வந்தது. மெஷினுக்குக் கீழே, நீல லைட் அதன் முகத்திலேயே அடிக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டு, ஒரு கொய்யாவை எடுத்துக் கடித்தது. மல்லாட்டைக்காரம்மா என்னைப் பார்த்தாள்.

"யக்கா, இதுக்குக் காது கேக்காதா?"

நான் பதில் சொல்வதற்குள் மதிலிலிருந்து மற்றது எல்லாம் இறங்கிவிட்டன. பிள்ளைகள் கத்திக்கொண்டு எழுந்தார்கள். குரங்கு முன்னால் கத்தவும் கூடாது, ஓடவும் கூடாது. பிள்ளைகளுக்கு யார் சொல்லி வைத்தது? டப்பாக்களைப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். டீச்சர் இரண்டு கையாலும் அவர்களை உள்ளே தள்ளினார்.

ஒரு பெண் மட்டும் ஓடவில்லை. ஆறாவது படிக்கிற பிள்ளை இருக்கும். டப்பாவை நெஞ்சோடு கட்டிப் பிடித்திருந்தாள். அந்தக் கடுவன் கொய்யாவைப் போட்டுவிட்டு அவளிடம் போய் ஒரு கையால் டப்பாவை இழுத்தது. அவள் விடவில்லை. அது பல்லைக் காட்டியது. அவள் பின்னால் ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி வைத்தாள். அகழிக் கரை அவள் காலுக்குக் கிட்டே வந்துவிட்டது.

"டப்பாவ உட்டுடு பாப்பா, உட்டுடு" என்று கத்திக்கொண்டே கழியை எடுக்கக் கை நீட்டினேன். வண்டியின் இடது ஓரத்தில்தான் எப்போதும் சாத்தி வைப்பேன். என் கை பழக்கத்தில் அங்கே போனது. அங்கே ஒன்றும் இல்லை. இன்றைக்கும் அந்த வெறும் ஓரத்தைத் தொட்டது கையில் இருக்கிறது.

அப்புறம்தான் கழி எங்கே நிற்கிறது என்று ஞாபகம் வந்தது. பெயிண்ட் டப்பாவைக் காலால் உதைத்துக் கழியைப் பிடுங்கினேன். உச்சியில் மெஷின் கட்டியது கட்டியபடி. அவிழ்க்க நேரம் இல்லை. அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினேன். கடுவனுக்குப் பக்கத்தில் இருந்த பாறையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன்.

மெஷின் வெடித்த மாதிரி சிதறியது. தகடு ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம். கடுவன் டப்பாவை விட்டுவிட்டுத் துள்ளி ஓடியது. அதன் பின்னாலேயே மற்றதும் மதில் ஏறின. அந்த மெஷினைக் கண்டு குரங்கு பயந்தது அந்த ஒரு தடவைதான்.

இழுத்துக்கொண்டிருந்தது திடீரென்று விட்டதும் அந்தப் பெண் பின்னால் சாய்ந்தாள். ஒரு கால் கரையில் இல்லை. கழியைப் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் இந்தப் பக்கம் விழுந்தோம். அவள் அழவில்லை. டப்பாவைப் பார்த்தாள். மூடி நசுங்கியிருந்தது.

"புது டப்பா. அம்மா திட்டும்" என்றாள்.

முன்கையில் நகம் கீறி ரத்தம் வந்திருந்தது. மோர்ப் பானை பக்கத்தில் வைத்திருந்த தண்ணீரையும் சோப்பையும் எடுத்து வந்து நன்றாகக் கழுவினேன். ஆட்டோ பிடித்து பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது டீச்சர் சொன்னார்.

"நீங்க சொன்னதாலதான் எறக்குனேன்."

நான் பிள்ளையைக் கை பிடித்து இறக்கினேன்.

ஊசி போட்டார்கள். இன்னும் சில தடவை வந்து போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பெண் என்னைக் கேட்டாள்.

"அந்த மெஷின் நெஜமாவே சத்தம் போட்டுச்சா?"

"தெரியலம்மா. எனக்கும் கேக்கல."

அவள் அம்மா வந்ததும் என்னைத்தான் பிடித்தாள். அந்த மெஷினை விற்கிறவளே நான்தான் என்று நினைத்துவிட்டாள். "ஒண்ணுத்துக்கும் ஆவாத மெஷின வெச்சுக்கினு கேரண்டி சொல்றியா? எம்புள்ள பள்ளத்துல உழுந்திருந்தா உன் கேரண்டி வந்து தூக்குமா?" என்றாள். நான் விற்கவில்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. டீச்சரிடம் நான் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை அந்த விளம்பரத்துக் குரல் சொன்னதுதான். அப்புறம் யார் விற்றால் என்ன?

வீட்டுக்கு வந்து மருமகளை அந்த கம்பெனிக்குப் போன் போடச் சொன்னேன். ரொம்ப நேரம் பாட்டு ஓடியது. பிறகு ஒரு பெண் பேசினாள். நல்ல மரியாதையாகத்தான் பேசினாள்.

"மெஷின எங்க மேடம் வெச்சிருந்தீங்க?"

"கோட்டை அடிவாரத்துல. வெளிய."

"அங்க காத்து அடிக்குமா மேடம்?"

"வெட்டவெளிம்மா. காத்து அடிக்காம இருக்குமா?"

"அதான் மேடம் பிராப்ளம். காத்து இல்லாத எடத்துல வைக்கணும்."

"காத்து இல்லாத எடத்துல குரங்கு இன்னா பண்ணும்?"

ஏதோ காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "பத்து நாள் பாருங்க மேடம். குரங்குங்க மெஷினுக்குப் பழகணும்."

"பழகிட்டா பயம் வருமா, போவுமா?"

மெஷின் நல்ல நிலையில் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். பாறையில் அடித்து உடைந்துவிட்டது என்றேன். உடைந்தால் வாரண்டி இல்லை என்றாள். அதை மட்டும் யோசிக்காமல் சொன்னாள். நான் ஒரு பிள்ளைக்கு அடிபட்டதைச் சொன்னேன். "விளம்பரத்துலயே கீழ போட்டிருக்கோமே மேடம், பலன் எடத்துக்கு எடம் மாறும்னு" என்றாள். மருமகள் அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். ஆமாம், போட்டிருந்தது. மூலையில், எறும்பு ஊர்கிற மாதிரி. கேரண்டி என்பதை வாயால் சொல்வார்களாம். மாறும் என்பதை மட்டும் எழுத்தில் போடுவார்களாம். என்னை மாதிரி எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் எதை எடுத்துக்கொள்வாள்?

நான் திட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்து மருமகள் சொன்னாள்.

"விளம்பரம்னா ஏத்தித்தான் சொல்லுவாங்க அத்தை. நீங்க கூடத்தான் கொய்யாவ தேன் மாதிரி இருக்குதுன்னு கூவறீங்க. அது மட்டும் இன்னாவாம்?"

சுருக்கென்று இருந்தது. மறுநாள் வண்டியில் நின்றபோது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தேன் மாதிரி என்று கூவுவேன். யாரும் அதைத் தேன் என்று நினைத்து வாங்குவதில்லை. சந்தேகம் என்றால் ஒரு துண்டு நறுக்கிக் கொடுப்பேன். வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று போகிறவர்கள் போவார்கள். நான் ஏற்றிச் சொன்னது அவர்கள் நாக்கிலேயே இறங்கிவிடும். அந்த மெஷினை எந்த நாக்கில் வைத்துப் பார்ப்பது? கேட்காத சத்தத்தை விற்றால் யார் போய் பொய் என்று சொல்வார்கள்? குரங்குதான் சொல்ல வேண்டும். அது சொல்கிற நேரத்தில் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் பெண்ணுக்குப் போட வேண்டிய ஊசியெல்லாம் போட்டு முடிந்தது. கடைசி ஊசிக்கு அவள் வந்தபோது நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் அம்மா என்னோடு பேசவில்லை. கொண்டுபோன கொய்யாவை மட்டும் வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண் கையைத் திருப்பிக் காட்டினாள். கோடு மாதிரி ஒரு தழும்பு. அது போகாது.

கழி இப்போது பழையபடி வண்டி ஓரத்தில் இருக்கிறது. உச்சியில் கம்பி இறுக்கிய தடம் அப்படியே இருக்கிறது. தோளும் வலிக்கத்தான் வலிக்கிறது. கழி கையில் இருந்த வரைக்கும் எனக்குக் குரங்கைப் பற்றிப் பயம் இருந்தது. அந்தப் பயத்தில்தான் நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த விளம்பரம் என்னிடமிருந்து முதலில் எடுத்துக்கொண்டது அதைத்தான்.

இப்போதும் பள்ளிக்கூட பஸ் வந்தால், யாரும் கேட்பதற்கு முன்பே போய்க் கண்ணாடியைச் சாத்திக்கொண்டு சாப்பிடச் சொல்லிவிடுகிறேன். மெஷின் சத்தம் போட்டதா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வராது என்று நான் சொன்னதை நம்பி அந்தப் பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து தட தடவென்று குதித்து இறங்கிய சத்தம் மட்டும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.