ஒட்டுத் தெரியாத குடைகள்

"சார், ஒரு நிமிஷம் எந்திரிங்களேன்" என்று பேருந்தில் முன்பின் தெரியாதவரிடம் கேட்கிறார் என்னோடு வந்த அக்கா. அவரும் எதன்மேல் உட்கார்ந்துவிட்டோமோ என்று பதறி எழுகிறார். அங்கே ஒன்றுமில்லை, இருக்கைத் துணியில் பூ வரிசை மட்டும்தான். அதை விரலால் தடவிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிற்கிறார். "இதோ! இங்கதான் மறுபடி ஆரம்பிக்குது. ஒட்டு எப்படிப் பல்லிளிக்குது பாருங்க!" எழுந்தவர் என்னைப் பார்க்கிறார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறேன். வேறென்ன செய்ய?

துணி அச்சிடும் எங்கள் கூடத்தில் கணினியில் டிசைன் போடுபவர் இவர். நான் சாயம் கலக்குகிறவன். எங்களுக்கெல்லாம் இவர் பேட்டர்ன் அக்கா. ஒரு சின்னச் சதுரத்துக்குள் நாலைந்து உருவங்களை வரைவார். தரையில் ஓடு பதிப்பதுபோல மென்பொருள் அந்தச் சதுரத்தையே திரும்பத் திரும்ப அடுக்கி, துணி நீளத்துக்கும் பரப்பிவிடும். சதுரமும் சதுரமும் சேருகிற இடம் கண்ணுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அன்றைக்கு அக்காவுக்குச் சோறு இறங்காது.

வரைவது வெளிக்கோடு மட்டும். உள்ளே நிறம் நிரப்பச் சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். "கோடு போட்டாச்சுல்ல? உள்ள என்னன்னு பாக்கறவங்க நெனச்சுக்கட்டும்!" வளைவு வரையும்போது நாக்கு நுனி வெளியே வந்துவிடும். பிரியமான உருவம் குடை. "தூக்கத்துல என் முதுகுலயே குடை வரையறா தம்பி, கூசுது" என்று அவர் வீட்டுக்காரர் என்னிடம் முறையிட்டிருக்கிறார்.

அப்படிப்பட்டவரின் குடைகளைத்தான் பேருந்துக் கம்பெனி புது இருக்கைத் துணிக்குத் தேர்ந்தெடுத்தது. சேதி வந்ததும் கூடமே இரண்டுபட்டது. அக்கா வாசல் காவலாளி வரை இழுத்துவந்து திரையைக் காட்டினார். எனக்கும் தலைகால் புரியவில்லை. எத்தனையோ துணிக்குச் சாயம் கலக்கியிருக்கிறேன், ஊரே உட்காரப்போகிற துணிக்குக் கலக்கியதில்லை.

முதல் சுருள் அச்சாகி வந்துகொண்டிருந்தது. முதலாளி முகமெல்லாம் பல். திடீரென்று, "நிறுத்துங்க! மெஷினை நிறுத்துங்க!" என்று அக்காவின் அலறல். ஓடிப் போய்ப் பார்த்தோம். குடைகள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் அங்கங்கே ஒரு குடையின் காம்பு மட்டும் மற்றதைவிடத் தடிமனாக இருந்தது. சதுரத்தின் விளிம்பிலேயே அந்தக் காம்பு விழுந்திருக்கிறது. இடப்பக்கம் ஒரு கோடு, வலப்பக்கம் ஒரு கோடு என்று அக்கா இரண்டு முறை வரைந்துவிட்டார். சதுரங்கள் சேர்ந்தபோது கோடுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றன.

"நல்லாத்தானே இருக்கு? இதையெல்லாம் யாரு பாக்கப்போறா?" என்றார் முதலாளி.

"நான் பாப்பேன் சார். தெனமும் அந்த பஸ்லதானே வரணும்? ஆயுசு முழுக்க என் தப்பு மேலயே உக்காரச் சொல்றீங்களா?"

முதலாளி தலையைச் சொறிந்தார். "சாப்பாட்டு நேரம் முடியறதுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா இப்படியேதான் ஓடும்."

ஒருவரும் சாப்பிடப் போகவில்லை. அக்காவின் நாற்காலியைச் சுற்றி நின்றோம். சதுரத்தைப் பாதி தூரம் நகர்த்தினார். விளிம்பில் இருந்தது நடுவுக்கு வந்தது. இரட்டைக் காம்பை அழித்து ஒற்றைக் கோடாக இழுத்தார். நாக்கு நுனி வெளியே வந்தது. திரை நிறையக் குடைகளைப் பரப்பிப் பார்த்தார். "ஓட்டுங்க!" என்று அவர் கத்தியபோது நாங்கள் போட்ட கூச்சலில் மெஷின் சத்தமே கேட்கவில்லை.

இன்று காலை புதுத் துணி போட்ட பேருந்து வந்தது. அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினார். இடம் காலியாக இருந்தும் உட்காரவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மறு கை விரலை இருக்கையின் முதுகில் ஒரு குடை நுனியில் வைத்தார். விரல் வளைவில் ஏறி, காம்பில் இறங்கி, அடுத்த குடைக்குத் தாவியது.

"அக்கா, நம்ம ஸ்டாப்!" என்றேன்.

விரல் நிற்கவில்லை. அடுத்த இருக்கைக்குப் போய்விட்டது. அங்கே சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தவரின் தோளையும் சுற்றிக்கொண்டு போனது.